ஒரே கிளப்புக்கு ஆடி, காயத்தால் சீக்கிரமே விலகிய கால்பந்து வீரர்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்?

லெட்லி கிங். இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்பின் ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவர்.

எனக்கு அந்த கிளப் மேல் பெரிய பிடிப்பு ஒன்றும் கிடையாது. நான் பெங்களூரு கௌதமபுரத்துக்காரன். உலகக் கோப்பை வந்தால் எங்கள் தெருவில் பிரேசில் கொடிதான் பறக்கும், பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமனும் பெங்களூர்க்காரர்தான். கோல் போட்டவர்களைப் பற்றி விடிய விடிய பேச இங்கே ஆள் உண்டு. பேக் ஆடியவனைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. நான் பேக் ஆடியவன்.

கிங்கை நான் கவனித்தது 2006 நவம்பரில், ஒரு ஞாயிறு இரவு, மாமா வீட்டு டிவியில். எதிரணி செல்சி. அவர்களுடைய ராபன் பந்தோடு தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறார், எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். பின்னாலிருந்து துரத்திக்கொண்டு வருகிறார் கிங். அந்த இடத்தில் கால் ஒரு நூல் தப்பினாலும் பெனால்டி, சிவப்பு அட்டை. சறுக்கி விழுந்து பந்தை மட்டும் தட்டி எடுத்தார். மாமா சோற்றுக் கையோடு எழுந்து நின்று, “சுத்தம்டா, சுத்தம்!” என்றார். அன்று டாட்டன்ஹாம் 2-1 என்று ஜெயித்தது.

அவருடைய இடது முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அது ரத்த ஓட்டம் இல்லாத இடம், தேய்ந்தால் திரும்ப வளராது. எலும்பும் எலும்பும் உரசும், ஆட்டம் முடிந்ததும் வீங்கும். கடைசி சில வருடங்களில் அவரால் அணியோடு சேர்ந்து பயிற்சி செய்ய முடியவில்லை. வாரம் முழுக்க நீச்சல் குளமும் ஜிம்மும்தான், ஆட்டத்தன்று மட்டும் மைதானம். 2008 லீக் கோப்பை இறுதியில் செல்சியை வென்ற அணிக்கு அவர்தான் கேப்டன். அந்த சீசனில் லீக்கில் அவர் ஆடியதோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதற்கடுத்த கோப்பைக்கு டாட்டன்ஹாம் 2025 வரை காத்திருந்தது.

“அந்த முட்டி மட்டும் நன்றாக இருந்திருந்தால்...” என்று எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. என் கண் போவது இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே வரும் அந்த ஆறு நாட்கள் மேல்.

ஏனென்றால் அந்த ஆறு நாட்களை எனக்குத் தெரியும். நான் இங்கே ஒரு சின்ன கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு ஹெட்டருக்கு எழும்பி, ஒற்றைக் காலில் இறங்கினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். எங்கள் பக்கம் முட்டிக்குள் எது போனாலும் ‘ஜவ்வு போச்சு’ என்றுதான் சொல்வோம். எனக்கு உண்மையிலேயே ஜவ்வு, முட்டிக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருப்பது. எம்ஆர்ஐ எடுத்து, கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். அடுத்த சீசனில் திரும்ப வந்தேன்.

ஞாயிறு ஆட்டம். திங்கள் காலை முட்டி பேக்கரி பன் மாதிரி இருக்கும். முட்டிச் சில்லுக்கு இரண்டு பக்கமும் ஒரு குழி இருக்கும் அல்லவா, அது காணாமல் போயிருக்கும். ஒரு பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் மறு பக்கம் மெல்ல எழும்பும். கரும்பு ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, பாலித்தீன் பையில் போட்டு, அம்மாவின் பழைய துண்டைச் சுற்றி வைப்பேன். வியாழக்கிழமை குழி மெதுவாகத் தலைகாட்டும். வெள்ளிக்கிழமை கக்கூஸில் குத்துக்கால் போட்டு உட்கார முடிந்தால் ஞாயிறு ஆடலாம். என் ஃபிட்னஸ் டெஸ்ட் அவ்வளவுதான்.

பயிற்சிக்குப் போகாத பேக் இழப்பது வேகத்தை மட்டும் அல்ல. பின்வரிசையில் நாலு பேர் ஒரே கயிற்றில் கட்டியது போல ஏறி இறங்க வேண்டும். யார் முன்னே போவது, யார் பின்னால் நிற்பது என்பதெல்லாம் வாரநாளில் கத்திக் கத்திப் பழகுவது. கிங் ஆட்டத்தன்று வந்து நின்றாலே அந்தக் கயிறு இறுகிவிடும். நான் நின்றால் இறுகவில்லை. எங்கள் அணியில் ஒரு பையன், தினமும் ஐந்தரை மணிக்கு கிரவுண்டில் நிற்பான், என்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் கேட்டான்: “அண்ணா, நான் ஆறு நாள் வர்றேன், நீ ஒரு நாள் வர்ற. இது நியாயமா?” ஷூ லேஸை அவிழ்ப்பது போல குனிந்துகொண்டேன்.

கிங்குக்கும் அப்படி ஒருவன் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றும். ஒரே கிளப் விசுவாசம் என்று புகழ்கிறோம், சரி. 2001-ல் அதே அணியில் பேக் ஆடிய சோல் கேம்பல் பரம எதிரி ஆர்சனலுக்குப் போனபோது இருபது வயது கிங் டாட்டன்ஹாமிலேயே நின்றார். அது விசுவாசம்தான். கடைசி சில வருடங்கள் வேறு கதை. வாரம் ஒரு நாள் மட்டும் வரும் ஆளை வேறு எந்த கிளப் வாங்கும்? சிறு வயதிலிருந்து பார்த்து வளர்த்த இடம்தான் பொறுத்துக்கொள்ளும்.

2010 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து அணியின் பயிற்சியாளர் கப்பெல்லோ கிங்கைத் துணிந்து அழைத்துப் போனார். அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே தொடையிடுக்கில் காயம், இடைவேளையோடு வெளியே. 2012 ஜூலையில் ஓய்வு. வயது 31. லீக்கில் 268 ஆட்டங்கள். சீசனுக்கு 38 என்று வகுத்துப் பார்த்தால் ஏழு சீசன்தான் வருகிறது. அதை 13 வருடத்துக்கு இழுத்திருக்கிறார்.

நான் ஒன்றரை சீசன் இழுத்தேன். அப்புறம் அந்தப் பையன் என் இடத்தில் இறங்கினான். நல்ல ஸ்டாப்பர். ஹெட்டருக்கு எழும்பினால் இன்னும் ஒற்றைக் காலில்தான் இறங்குகிறான். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.