தேயிலைச் செடியில் பச்சை விரியன்

கேள்வி: தெனியாயவுக்கு அருகே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மா, கறுப்புக் கோலமிட்ட பச்சைப் பாம்பொன்று செடியின் மேல் சுருண்டு கிடந்ததைக் கண்டிருக்கிறார். அது விஷமுள்ளதா? விஷமுறிவு மருந்தைக் கொழும்பில் வாங்கி அவரிடம் கொடுத்து வைக்கலாமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் எழுதியுள்ள நிறமும் அது கிடந்த விதமும், இலங்கையில் மட்டுமே வாழும் பச்சைக் குழிவிரியனையே குறிக்கின்றன. ஈரவலயக் காடுகளிலும் மலைச் சரிவுகளிலும் வாழும் இந்த விஷப்பாம்பு, காட்டை வெட்டித் தேயிலையும் ஏலமும் பயிரிட்ட இடங்களிலும் தங்கிவிட்டது. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே இருபுறமும் உள்ள குழி வெப்பத்தை உணரும் உறுப்பாகையால், இருளிலும் இரையின் இருப்பிடத்தை அறிந்து தாக்குகிறது. பகலில் இலைகளோடு இலையாக அசையாமல் கிடக்கும் இது ஆளைக் கண்டு விலகி ஓடுவதில்லை. எனவே கொழுந்தை நோக்கி நீளும் கைக்குத்தான் ஆபத்து அதிகம். கடித்தால் கடும் வலியும் வீக்கமும் கொப்புளங்களும் உண்டாகும். மரணம் மிக அரிது.

மருந்து வாங்கி வைக்கும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நமது வைத்தியசாலைகளில் பயன்படும் இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. குழிவிரியன்களின் விஷத்தை அது முறிக்காது. அதோடு, கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடிய அந்த மருந்தை வைத்தியசாலையில் மட்டுமே ஏற்ற முடியும்.

உங்கள் அம்மாவை எண்ணும்போது என் கவலை, அந்தப் பச்சைப் பாம்பைவிட, செடிகளின் அடியில் சருகோடு சருகாகக் கிடக்கும் அதன் உறவினரைப் பற்றியது. அரை மீற்றர் நீளத்தைப் பெரும்பாலும் தாண்டாத, மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த பழுப்பு நிறக் குழிவிரியனான கோப்பி விரியனே, இந்நாட்டில் மிக அதிகமானோரைக் கடிக்கும் விஷப்பாம்பு. சருகை வெறுங்கையால் அள்ளாமலும், காலுக்குச் சப்பாத்து இல்லாமல் தோட்டத்தில் இறங்காமலும் இருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹற்றனில் என் சித்தப்பாவைக் கோப்பி விரியன் கடித்தது. விரலில் சிறிது வீக்கம் மட்டுமே இருந்தும் வைத்தியர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. மருந்தே இல்லையென்றால் ஏன் மறித்து வைக்க வேண்டும்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: வைத்தியர்கள் செய்ததே சரி. இந்தப் பாம்பின் கடி பலருக்கு வலி, வீக்கத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் சிலருக்கு இரத்தம் உறையும் தன்மை கெட்டு, சிறுநீரகமும் செயலிழக்கிறது. இறந்தவர்களும் உண்டு. யாருக்கு அப்படி ஆகும் என்பதை விரலின் வீக்கத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால், இரத்தம் உறைகிறதா, சிறுநீர் போதிய அளவு வெளியேறுகிறதா, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினின் இரத்தத்தில் ஏறுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகம் பழுதானால் தக்க நேரத்தில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்து உயிரைக் காப்பாற்ற முடியும். அந்த வாய்ப்பு, வைத்தியசாலையில் கண்காணிப்பில் இருப்பவருக்கே கிடைக்கும். கோப்பி விரியனைக் கண்ணாடி விரியன் என்று தவறாக எண்ணி விஷமுறிவு மருந்து ஏற்றப்படுவதும் நடக்கிறது. அதனால் பயன் இல்லை, ஒவ்வாமை மட்டுமே மிஞ்சும். ஆகவே, எட்ட நின்று கைபேசியில் பாம்பைப் படமெடுக்க முடிந்தால் அது வைத்தியருக்குப் பேருதவியாகும். அதற்காக அதைத் துரத்தவோ கொல்லவோ வேண்டாம்.

கடிபட்ட உடனே மோதிரம், வளையலைக் கழற்றி, கை கால்களை அசைக்காமல் வைத்து, 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழையுங்கள். கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் வேண்டாம். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் பொதுமக்களுக்கும் ஆலோசனை கூறுகிறது. ஆனால் அதற்கு அழைப்பெடுத்து விட்டுப் பதிலுக்காக வீட்டில் காத்திராமல், வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே கேளுங்கள்.