விமானப்படைத் தளத்தில் நடக்கும் வான் சாகசத்தைப் பார்க்கக் குழந்தைகளுடன் போகலாமா? மெரினாவில் பார்த்தது போதாதா?

கேட்டவர் 2024இல் சென்னை மெரினா கடற்கரையில் நடந்த விமானப்படை வான் சாகசத்தின் நெரிசலில் சிக்கித் திண்டாடியவர். விமானப்படைத் தளம் ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள் வந்தால் எட்டு வயது மகளையும் ஐந்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு போகலாமா, அல்லது அதே விமானங்களை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவதுதானா என்பது அவருடைய சந்தேகம்.

போங்கள். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மெரினாவில் நீங்கள் பார்த்தது பாதிதான்.

நான் சேலையூர்க்காரி. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் மதில் எங்கள் வீட்டுக்கு நடந்துபோகும் தூரம். அப்பா அங்கே சிவிலியன் ஊழியராக, விமானங்களின் டயர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் பேச்சு பாதியில் நிற்கும், தலைக்கு மேல் ஒன்று கடந்து போகும், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நிமிர்ந்து பார்ப்பவர் வெளியூர் விருந்தாளி.

நான் முதன்முதலில் உண்மையாகவே நிமிர்ந்து பார்த்தது பத்து வயதில். ஊழியர்களின் குடும்பங்களைத் தளத்துக்குள் விட்ட ஒரு நாள். கயிறு கட்டிய எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் ஒரு கிரண் பயிற்சி விமானம். இந்தியாவிலேயே செய்த சின்ன ஜெட், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகை. சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்திருந்தார்கள். முன்னால் நின்ற ஒருவர் கையால் சைகை செய்ய, இன்ஜின் முதலில் முனகியது, பிறகு விசில் அடித்தது, பிறகு காதைப் பொத்திக்கொள்ள வைத்தது. மண்ணெண்ணெய் வாடை அனல்காற்றோடு முகத்தில் அடித்தது. கட்டையை இழுத்தார்கள். சைகை செய்தவர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். உள்ளிருந்த ஹெல்மெட் தலை பதிலுக்குக் கையை உயர்த்தியது. அந்தத் தலைக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது அப்போதுதான்.

மெரினாவில் இது கிடைக்காது. அங்கே விமானங்கள் வெவ்வேறு தளங்களிலிருந்து கிளம்பி வானத்திலிருந்தே வருகின்றன, வானத்துக்குள்ளேயே போய்விடுகின்றன. மேடைக்குப் பின்னால் நடப்பதையும் சேர்த்துப் பார்ப்பது தளத்தில்தான்.

ஓர் எச்சரிக்கை: தளம் என்றாலே ரஃபேல் போர் விமானம் நிற்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துப் போய்விடாதீர்கள். தாம்பரத்தில் இருப்பது 1950களிலிருந்து இயங்கும் பறப்புப் பயிற்றுநர் பள்ளி. அதாவது, மற்றவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்கள் கற்கும் இடம். சாதாரணமாக அங்கே புழங்குபவை பிலாட்டஸ், கிரண் போன்ற பயிற்சி விமானங்களும் ஹெலிகாப்டர்களும். தேஜஸ் போர் விமானத்தின் வீடு கோயம்புத்தூர் பக்கத்துச் சூலூர். பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய் அணி 2020 முதல் தஞ்சாவூரில் இருக்கிறது. அரக்கோணத்தில் இருப்பது கடற்படையின் ராஜாளி தளம், அங்கேதான் P-8I எனும் கண்காணிப்பு விமானங்கள். போர் விமானம் வேண்டும் என்றால் அறிவிப்பில் என்னென்ன வருகிறது என்று படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எப்படிப் பார்ப்பது என்று அப்பா அன்றைக்கே ஒரு பாடம் நடத்தினார். நான் சத்தம் கேட்ட திசையில் தேடித் தேடி ஏமாந்துகொண்டிருந்தேன். "சத்தத்தைப் பார்க்காதே, சத்தத்துக்கு முன்னால் பார்" என்றார். கணக்கு எளிது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்தின் சத்தம் நம்மை வந்தடைய மூன்று நொடி ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போவது அந்த மூன்று நொடியில் முக்கால் கிலோமீட்டர் தாண்டியிருக்கும். சத்தம் வரும் இடத்தில் இருப்பது வெறும் வானம். இதை உங்கள் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பக்கத்தில் நிற்கும் பெரியவர்களுக்கெல்லாம் அவள் விரல் நீட்டிக் காட்டுவாள்.

மெரினாவையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. 2024 அக்டோபர் 6, ஞாயிறு. விமானப்படையின் 92ஆவது ஆண்டு. 1932 அக்டோபர் 8 அன்று தொடங்கிய படை என்பதால் ஒவ்வோர் அக்டோபரிலும் இந்தக் கொண்டாட்டம். 72 விமானங்கள், காலை பதினொன்று முதல் ஒரு மணி வரை. பழைய போக்குவரத்து விமானமான டகோட்டா வந்தபோது, என் பக்கத்தில் இருந்த, ரஃபேலுக்குக்கூட எழாத முதியவர் ஒருவர் எழுந்து நின்றார். 1947இல் ஸ்ரீநகருக்குப் படையினரை ஏற்றிச் சென்ற ரகம் அது. ஆனால் கடலைப் பார்த்து நின்றால் நமக்குக் கிழக்கு. முற்பகல் வெயில் நேரே முகத்தில். அன்றைக்கு வெயிலும் நெரிசலுமாக ஐந்து பேர் இறந்துபோனார்கள். சாகசம் பார்க்கப் போன இடத்தில் தண்ணீரின்றித் தவித்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. குடையும் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும் இல்லாமல் எந்த நிகழ்ச்சிக்கும் போகாதீர்கள். தளம் என்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். ஓடுபாதைப் பக்கம் மரம் வைக்க மாட்டார்கள், கான்கிரீட் தரை வேறு அடுப்பு மாதிரி கொதிக்கும்.

நாங்கள் புத்திசாலித்தனமாகச் செய்த ஒரே காரியம், ஒத்திகை நாளன்று மணலில் உட்கார்ந்து பார்த்தது. நிகழ்ச்சி நாளன்று திருவல்லிக்கேணியில் சித்தி வீட்டு மொட்டைமாடி. தாழப் பறந்தவை கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துபோயின என்றாலும் அப்பாவுக்கு நாற்காலி இருந்தது, மோர் இருந்தது. ஒத்திகையில் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கூட்டமாக இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதுதான் தோது.

சரி, எதைப் பார்ப்பது? எல்லோரும் வேகத்தைத்தான் ரசிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது மெதுவாகப் போவது. போர் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு, வால் தாழ்ந்து, விழுந்துவிடுமோ என்ற நிலையில் கூட்டத்துக்கு முன்னால் நகரும். இறக்கை தர வேண்டிய தூக்குவிசை குறையக் குறைய இன்ஜின்தான் அதைத் தாங்குகிறது. அதனால்தான் அந்த நேரத்தில் சத்தம் நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது. சுகோய்-30 வகையில் இன்ஜினின் வால்குழாயே திரும்பும் என்பதால் அது இந்த விளையாட்டில் கெட்டிக்காரி. வேகமாகப் போவது இன்ஜின் செய்கிற வேலை. மெதுவாகப் போவதில் விமானியின் கை தெரிகிறது. இது என் கட்சி, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

திடீரென்று வளையும்போது இறக்கைக்கு மேல் வெள்ளையாக ஒரு துணி விரித்தது போலத் தோன்றி மறையும். பலர் அதைப் புகை என்று நினைக்கிறார்கள். இறக்கையின் மேல்புறத்தில் காற்றழுத்தம் சட்டென்று குறைய, காற்று குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் நீர்த்துளியாகிறது. அவ்வளவுதான், ஒரு நொடி மேகம். சென்னையின் கசகசப்பை நாள் முழுக்கத் திட்டுகிறோமே, அதற்கு இந்த ஒரு விஷயத்தில் நன்றி சொல்ல வேண்டும். வறண்ட ஊரில் இது இவ்வளவு எளிதாகத் தெரியாது. விமானப்படையின் சாகச அணியான சூர்ய கிரணின் வண்ணப் புகை வேறு கதை. டீசலைச் சூடான வெளியேற்றுக் காற்றில் பீய்ச்சுகிறார்கள். அது ஆவியாகி, வெளியே வந்ததும் பனிமூட்டம் போல் நுண்துளிகளாகிறது. நிறத்துக்குச் சாயம்.

அந்த அணி ஒன்பது ஹாக் விமானங்களோடு பறப்பது. 1996இல் கிரணோடு தொடங்கியவர்கள், பிறகு ஹாக்குக்கு மாறினார்கள். ஒன்பதும் ஒரே தட்டில் வைத்தது போலத் திரும்பும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: தலைவரைத் தவிர மற்றவர்கள் முன்னால் பார்ப்பதில்லை. பக்கத்து விமானத்தில் குறித்துவைத்த புள்ளிகளைப் பார்த்தபடியே, சில மீட்டர் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். தரை எங்கே, வானம் எங்கே என்பது தலைவரின் பொறுப்பு. வானத்தில் இதயம் வரைவது எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை, பிள்ளைகள் கைதட்டுவார்கள். எதிரெதிரே வந்து மோதப் போவது போல் விலகும் காட்சியில் என் மகன் கண்ணை மூடிக்கொண்டான். நம் பார்வைக்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் அப்படித் தெரிகிறது. நடுவே இடைவெளி விட்டுத்தான் கடக்கிறார்கள்.

இடைவெளி இருந்தும் விபத்து நடக்காமல் இல்லை. 2019 பிப்ரவரியில் பெங்களூரு ஒத்திகையில் இதே அணியின் இரண்டு விமானங்கள் மோதி ஒரு விமானி உயிரிழந்தார். 2025 நவம்பரில் துபாயில் தேஜஸ் விழுந்து அதன் விமானி போனார். பார்வையாளர்களுக்கு ஆபத்தா என்றுதான் நீங்கள் உள்ளூரப் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 1988இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில், பொதுமக்கள் கூடியிருந்த நாளில், இத்தாலிய அணியின் மூன்று விமானங்கள் மோதி, அவற்றில் ஒன்று கூட்டத்தின் மேல் விழுந்தது. எழுபது பேர் இறந்தார்கள். கூட்டத்தை நோக்கிப் பறக்கும் சாகசங்களுக்கு அதன் பிறகு பல நாடுகள் கடிவாளம் போட்டன. கூட்டத்துக்கு இணையாக, தள்ளி வரைந்த கோட்டின் மேல் பறப்பதுதான் இன்றைய வழக்கம். கயிற்றைத் தாண்டி ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று வாதாடும் மாமாக்கள் இந்தக் கோட்டைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

மற்றவை சில்லறை விஷயங்கள். மருந்துக்கடையில் காது அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், சின்னவனுக்குக் காதை முழுதாக மூடும் வகை இருந்தால் நல்லது. சாப்பாட்டு மிச்சத்தைப் புல்லில் போடாதீர்கள். பருந்து இறங்கும், பருந்தை இன்ஜின் விழுங்கினால் விமானத்துக்கே ஆபத்து. பெங்களூருவின் எலஹங்கா தளத்தில் ஏரோ இந்தியா வான் கண்காட்சி நடக்கும்போது சுற்றுவட்டாரத்தில் இறைச்சிக் கடைகளையே மூடச் சொல்கிறார்கள், காரணம் இதுதான். அக்டோபர், நவம்பர் என்றால் மேகத்தையும் பாருங்கள். மேகம் தாழ்ந்திருந்தால் செங்குத்துச் சாகசங்களை விட்டுவிட்டு, மேலே ஏறாத தட்டையான சாகசங்களை மட்டும் செய்வார்கள், ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஹெலிகாப்டரைப் படமெடுக்கும்போது ஷட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விசிறி அசையாமல் நின்று, கயிற்றில் தொங்கவிட்ட பொம்மை போல இருக்கும்.

முக்கியமாக, கடைசி விமானம் முடிந்ததும் கூட்டத்தோடு வாசலுக்கு ஓடாதீர்கள். கிரண் தரையிறங்கிய அந்த முதல் நாளில், அது குட்டிக்கரணம் போட்டபோதெல்லாம் சும்மா இருந்த அப்பா, அது ஓடுபாதையை நோக்கித் தாழ்ந்ததும் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "இப்போது பார்." சக்கரம் தரையைத் தொட்ட இடத்தில் கொத்தாக ஒரு வெண்புகை. சுழலாமல் தொங்கிவந்த டயர் கண்ணிமைக்கும் நேரத்தில் விமானத்தின் வேகத்துக்குச் சுழல வேண்டும், அந்த உரசலில் ரப்பர் எரிகிறது. அந்த டயரில் நைட்ரஜன் அடைத்தவர்களில் அப்பாவும் ஒருவர். வேறு யாரும் கைதட்டவில்லை. அவர் தட்டினார்.

மெரினா நிகழ்ச்சி முடிந்து சித்தி வீட்டு மாடியிலிருந்து இறங்கும்போது, "எப்படித் தாத்தா இருந்தது?" என்று என் மகன் கேட்டான். எழுபத்து நான்கு வயதுக்காரர், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இரண்டு படி இறங்கிவிட்டுச் சொன்னார்: "எழுபத்திரண்டு விமானமாம். ஒன்றுகூட இறங்கவில்லையேடா."