அபராதமா, டீன் கோர்ட்டா?

பதினைந்து வயது மகன் கடையில் 40 டாலர் ஹெட்போனோடு பிடிபட்டான், அபராதத்தைக் கட்டித் தலைமுழுகிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். டெக்சஸில் 100 டாலருக்குக் குறைந்த திருட்டு 'கிளாஸ் சி' குற்றம், அதாவது அபராதம் மட்டுமே உள்ள ஆகச் சிறிய வகை. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் தண்டனையாகப் பதிவாகும். டீன் கோர்ட் என்பது பதின்வயதுப் பிள்ளைகளே ஜூரியாக உட்காரும் கோர்ட்; அங்கே சொன்னதை முடித்துக் கொடுத்தால் வழக்கே தள்ளுபடி. டெக்சஸின் ஒடெஸ்ஸா நகரில் 1983-இலேயே தொடங்கிய ஏற்பாடு இது, புதுச் சோதனை ஒன்றும் இல்லை.

ஆனால் அங்கே 'நான் செய்யவில்லை' என்று வாதாட முடியாது. குற்றத்தை ஏற்றோ, மறுக்காமலோ முதலில் நீதிபதி முன் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் முடிவுசெய்வது என்ன தண்டனை என்பதை மட்டும்தான்: இத்தனை மணி நேரச் சமூக சேவை, மன்னிப்புக் கடிதம், அப்புறம் அவனே ஜூரியாக வந்து உட்காருவது.

என் மகள் ஜூரியாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பையனிடம், "உங்க அம்மாகிட்ட யார் சொன்னது, நீயா போலீஸா?" என்று கேட்டாளாம். அதுவரை மிடுக்காக நின்றவன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தானாம். பெரியவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

ஒன்று, நீங்கள் விசாவில் இருந்தால் அவன் வாயைத் திறக்கும் முன் குடிவரவு வக்கீலைப் பாருங்கள். உள்ளூர்க் கோர்ட்டில் தள்ளுபடியானாலும் ஒப்புதலைக் குடிவரவுத் துறை வேறுவிதமாகப் பார்க்கக்கூடும்.