இரட்டை இழை முறுக்கினால் நூல் சுருண்டுகொள்கிறதே?

கேள்வி: தக்ளியில் (கையால் சுழற்றி நூற்கும் சிறு கதிர்) நூற்ற பருத்தி நூலை இரட்டையாக முறுக்கி, கொட்டானுக்கு (செட்டிநாட்டு ஓலைக் கூடை) குரோஷா உறை போட நினைத்தேன். கையை விட்டதும் நூல் சுருண்டு சிக்கு விழுகிறது, பின்னும்போது அறுகிறது. காரைக்குடியில் நூல் விற்பவர் ஒருவர், "முறுக்குவதற்குத் தனித் தக்ளி வேண்டும், என்னிடம் இருக்கிறது" என்கிறார். வாங்கலாமா? – ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: வாங்காதீர்கள் ஆச்சி. நூற்ற தக்ளியே போதும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், நூற்ற திசையிலேயே முறுக்கியும் இருக்கிறீர்கள். ஏற்கெனவே முறுக்கேறிய இழையில் மேலும் முறுக்கு ஏறினால் அது சுருளத்தான் செய்யும். எதிர்த் திசையில் சுற்றினால் ஒவ்வொரு இழையும் கொஞ்சம் தளரும், தளரும்போதே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

வலப்புறமாகச் சுற்றி நூற்றிருந்தால் இடப்புறமாக முறுக்குங்கள். ஆனால் இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் பெரும்பாலும் இடப்புறமாகத்தான் நூற்பார்கள். அவர்கள் வலப்புறமாக முறுக்க வேண்டும். தக்ளியைத் தொடையில் உருட்டி விடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முழங்காலை நோக்கித் தள்ளினால் ஒரு திசை, இடுப்பை நோக்கி இழுத்தால் நேர் எதிர்த் திசை. ஒரே சிட்டத்தில் (வளையமாகச் சுற்றிய நூல்) இரண்டும் கலந்துவிட்டால் எப்படி முறுக்கினாலும் நிற்காது. நூற்கும்போதே தக்ளியின் பித்தளைத் தகட்டின் மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு இழைகளையும் ஒரே அளவு இழுப்பில் சேர்த்து உருண்டையாகச் சுற்றி, ஒரு சொம்புக்குள் போட்டுக்கொண்டு முறுக்குங்கள். நூற்றதற்குக் கொடுத்த முறுக்கில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். முடித்ததும் சிட்டமாக்கி, துளி சோப்புப் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விட்டு, நிழலில் தொங்கவிடுங்கள். காய்ந்த நூலை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டால் பின்னிக்கொள்ளாமல் நிற்க வேண்டும்.

அப்புறம் அந்த வியாபாரி. இன்று தனித் தக்ளி என்பவர், நாளை "ரெடியாக முறுக்கிய கைநூல்" என்று மில் நூலை நீட்டுவார். கறுப்புத் துணியில் ஒரு கை நீளம் வைத்துப் பாருங்கள். கைநூலில் அங்கங்கே தடிப்பும் மெலிவும் தெரியும், மில் நூல் ஒரே சீராக ஓடும். எடைக்கு வாங்கினால் இன்னும் உஷார். ஈரமாகவே நிறுப்பார்கள், கஞ்சி போட்டும் எடை ஏற்றுவார்கள். மெடிக்கலில் கிடைக்கும் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு வைத்தால், கஞ்சி இருக்கிற இடம் கருநீலமாகும். காதி என்று சொல்லி விற்பவரிடம், அது அசல் காதி என்று காட்டும் முத்திரையான காதி மார்க் எங்கே என்று கேளுங்கள். அதற்கு 2013லேயே விதி வந்துவிட்டது.

விதி போட்டு என்ன, கடை கடையாகப் போய்ப் பார்க்க ஆளில்லை. பயிற்சி முகாம்களிலும் தக்ளியும் சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இரட்டை இழை முறுக்க யாரும் காட்டித் தருவதில்லை. அந்த ஒரு மணி நேரப் பாடம் இல்லாததால்தான் நூற்கத் தெரிந்தவர்களே இப்படிப்பட்ட கடைக்காரரிடம் போய் நிற்கிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சரி, இப்போது சுருண்டு கிடக்கும் நூலை எறிந்துவிடாதீர்கள். கொதிக்க வைக்கவில்லை என்றால் காப்பாற்றலாம். சிக்கெடுத்து, தக்ளியை எதிர்த் திசையில் ஓட்டுங்கள். முதலில் தவறான முறுக்கு கழன்று இரண்டு இழைகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கே நிறுத்தாமல் அதே திசையில் தொடர்ந்தால் சரியான முறுக்கு ஏறிவிடும்.