விலா எலும்பு முறிந்தவர் வலியைப் பொறுத்துக்கொள்வது நல்லதா?

செம்பனைக் குலை நெஞ்சில் விழுந்து மூன்று விலா எலும்புகள் முறிந்த, 68 வயதான உங்கள் மாமனார், மாத்திரை உடம்புக்கு ஆகாது என்று சொல்லி வலியோடு படுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்ட வேண்டாம், வலியைப் பொறுத்துக்கொள்ளவும் விடாதீர்கள்.

முறிந்த விலா எலும்பு பெரும்பாலும் 6 வாரங்களில் தானாகவே கூடிவிடும். அதற்குள் அவருக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து நுரையீரலுக்குத்தான். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடும்போது நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்குகிறது. இருமி வெளியேற்றாத சளி அங்கே தேங்கி, நிமோனியா காய்ச்சலுக்கு வழிவிடுகிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். இறுக்கமான கட்டு இதே கெடுதலைத்தான் செய்யும்.

ஆகவே, படுத்திருப்பவரிடம் வலிக்கிறதா என்று கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். ஆழமாக மூச்சிழுத்து இருமச் சொல்லி, அப்போது வலி 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேளுங்கள். நம் அரசு மருத்துவமனைகளில் 2008 முதல் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகக் கருதி, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு பதிவு செய்து வருகிறார்கள். இருமவே முடியாதவருக்குக் கொடுத்த மருந்து போதவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கல்லீரல் நோயோ மதுப் பழக்கமோ இல்லாத, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரியவருக்குப் பெனடோல் (பாரசிட்டமால்) 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 8 மாத்திரைக்கு மிகாமல், வலி ஏறும்வரை காத்திராமல் நேரம் தவறாது கொடுப்பது வழக்கம். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் நன்றாகக் கேட்கும். ஆனால் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்; நம்மவர்களில் பலருக்கு நீரிழிவோடு சிறுநீரகக் கோளாறும் இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். டிரமடோல் என்ற வீரியமான வலி மருந்தை எழுதித் தந்தால் மலச்சிக்கலுக்கும் மருந்து கேளுங்கள். முக்கி மலம் கழிப்பது இந்த நெஞ்சுக்குப் பெரும் வேதனை. இருமும்போது தலையணையை வலிக்கும் இடத்தில் அணைத்துப் பிடிக்கட்டும். பகலில் படுக்க வைக்காமல் உட்கார வைத்து, மெல்ல நடக்க வையுங்கள்.

காய்ச்சல், மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம், வயிற்று வலி, எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் உடனே 999-ஐ அழையுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், மாத்திரை எடுத்தும் இரும முடியவில்லை என்றால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மயக்கவியல் நிபுணர் இருக்கும் பெரிய மருத்துவமனைகளில், முதுகுப்பக்கமாக ஊசி போட்டு விலா நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் முறை உண்டு. அது அவருக்குப் பொருந்துமா என்று நீங்களே மருத்துவரிடம் கேட்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.