சமஸ்தான இணைப்பில் வி.பி. மேனனின் பங்கு என்ன?

"சமஸ்தானங்களை இணைத்தவர் பட்டேல் என்றுதானே படித்தோம், செயலாளரான மேனனுக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். டெல்லியில் ராஜேந்தர் நகர், கரோல்பாக் பக்கம் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் பலரும் தடுமாறும் இடம் இது.

மன்னர்களை வழிக்குக் கொண்டுவந்த அரசியல் பலம் பட்டேலுடையது. எதைக் கேட்பது, எவ்வளவு கேட்பது, எந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது என்ற கணக்கு மேனனுடையது. கேரளத்து ஒற்றப்பாலத்துக்காரரான அவர் ஐ.சி.எஸ். (பிரிட்டிஷ் கால உயர் ஆட்சிப் பணி) அல்ல. குமாஸ்தாவாக நுழைந்து, அரசியல் சட்ட விவகாரங்களைப் பார்க்கும் சீர்திருத்த ஆணையராக உயர்ந்தவர். 1947 ஜூலையில் புதிதாக வந்த சமஸ்தானங்கள் துறைக்குச் செயலாளரானார்.

ஆகஸ்ட் 15 அன்று சமஸ்தானங்கள் மீதான பிரிட்டிஷ் மேலாதிக்கம் காலாவதியாகும், டெல்லிக்குக் கைமாறாது என்று இந்திய சுதந்திரச் சட்டம் சொல்லிவிட்டது. 550-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள். கையில் ஆறு வாரம். எடுத்த எடுப்பில் ஆட்சியையே கேட்டிருந்தால் ஒருவரும் பேசவே வந்திருக்க மாட்டார்கள். மேனன் கேட்டது மூன்றுதான்: பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு. நிதிச்சுமை கிடையாது. வரப்போகும் அரசியல் சட்டத்தை ஏற்க மன்னர் கட்டுப்பட்டவர் அல்ல என்று, இந்தியாவோடு சேர அவர் கையெழுத்திடும் சேர்க்கைப் பத்திரத்தின் 7-ஆம் ஷரத்தே உறுதி கொடுத்தது. ரயில், தபால், சுங்கம் பழையபடி ஓட இன்னொரு ஒப்பந்தமும் தேவைப்பட்டது. பத்திரத்தில் கையெழுத்திட்டால்தான் அந்த ஒப்பந்தம் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டதுதான் பிடி. (ஹைதராபாத்துக்கு மட்டும் பிறகு தளர்த்த வேண்டிவந்தது.)

பலர் பதிலை இங்கே முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதைதான். பத்திரத்தில் கையெழுத்திட்ட மன்னர் தன் ஊரில் இன்னமும் மன்னர்தான். போலீஸ், நிலவரி, நீதிமன்றம் எல்லாம் அவரிடமே இருந்தன. அவற்றை வாங்கும் வேலை 1947 டிசம்பரில் கட்டக்கில் ஒரிசா சமஸ்தானங்களோடு தொடங்கியது. அதற்கு விலை, மன்னருக்கு ஆண்டுதோறும் அரசு தரும் மன்னர் மானியம். ஆண்டு வருவாயில் முதல் 1 லட்சத்துக்கு 15 சதவீதம், அடுத்த 4 லட்சத்துக்கு 10, அதற்கு மேல் ஏழரை, உச்சவரம்பு 10 லட்சம். 5 லட்சம் வருவாய் உள்ளவருக்கு 15,000 கூட்டல் 40,000, ஆக 55,000 ரூபாய். சின்ன சமஸ்தானத்துக்கு விகிதம் கூடுதல் என்பதால் அவர்களை இசையவைப்பது எளிதாயிற்று. சூத்திரம் ஒன்றே என்பதால் ஆளுக்கொரு பேரம் படிந்து விலை ஏறவில்லை. ஹைதராபாத், மைசூர் போன்ற சில பெரிய சமஸ்தானங்களுக்கு மட்டும் வரம்பு மீறியது. என் கணிப்பில் மேனனின் மிகக் கெட்டிக்காரத்தனமான வேலை இந்தச் சூத்திரம்தான். நம் புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது.

குஜராத் பக்கத்துக் கத்தியவாரில் மட்டும் 222 சமஸ்தானங்கள். அவற்றைச் சேர்த்து சௌராஷ்டிரம் என்று ஓர் ஒன்றியமாக்கியதும் புதுச் சிக்கல்: இப்படி உருவான ஒன்றியங்கள் மீதும் டெல்லிக்குப் பழைய மூன்று துறைகளில்தான் அதிகாரம். ஆகவே 1948-இல் அந்த ஒன்றியங்களின் தலைவர்களான ராஜபிரமுகர்களிடம் மறுபடி சேர்க்கைப் பத்திரம் வாங்கினார்கள். மத்தியப் பட்டியலிலும் (மத்திய அரசுக்கு உரியவை) பொதுப் பட்டியலிலும் (இரு அரசுகளுக்கும் பொதுவானவை) உள்ள துறைகள், வரிவிதிப்பு தவிர, டெல்லிக்கு வந்தன.

விட்டுப்போன வரியை, சமஸ்தான நிதிநிலையை ஆராய அமைத்த வி.டி. கிருஷ்ணமாச்சாரி குழு கவனித்தது. சமஸ்தான எல்லையைத் தாண்டும் சரக்குக்கு வாங்கிய உள்நாட்டுச் சுங்கத்தைத் திடீரென எடுத்தால் சமஸ்தானக் கஜானா காலியாகும். அதனால் 1950 ஏப்ரல் 1 முதல் வருமான வரி, ரயில்வே போன்றவற்றை மத்திய அரசு எடுத்துக்கொண்டு, வருவாய் இடைவெளியை ஐந்து ஆண்டுகள் முழுதாகவும் அடுத்த ஐந்து ஆண்டுகள் படிப்படியாகக் குறைத்தும் ஈடுகட்ட ஒப்புக்கொண்டது.