லைசென்ஸ் ஃபைல் திறந்துவிட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் மென்பொருளின் லைசென்ஸ் ஃபைலில் ஏஇஎஸ்-256-ஜிசிஎம் என்க்ரிப்ஷனும் எட்25519 டிஜிட்டல் கையெழுத்தும் உண்டு. வாடிக்கையாளரின் லைசென்ஸ் கீயை எஸ்எச்ஏ-256 ஹேஷ் செய்தால் வருவதுதான் அந்த என்க்ரிப்ஷனின் சாவி. பைத்தானில் டிக்ரிப்ட் ஆகி ஜேசன் சரியாக வருகிறது, ஆனால் கையெழுத்தைச் சரிபார்த்தால் 'இன்வாலிட் சிக்னேச்சர்' என்கிறது. டிக்ரிப்ட் ஆவதே போதாதா?

பதில்: போதவே போதாது. லைசென்ஸ் கீ வாடிக்கையாளர் கையில்தானே இருக்கிறது? அதே கீயை வைத்து அவரே காலாவதித் தேதியை 2099 என்று மாற்றி மறுபடி என்க்ரிப்ட் செய்தால் உங்கள் நிரல் அதையும் ஒழுங்காகத் திறந்துவிடும், ஜிசிஎம் டேக்கும் (தரவு இடையில் மாறவில்லை என்று காட்டும் முத்திரை) பொருந்தும். ஃபைலைக் கொடுத்தது நீங்கள்தான் என்று காட்டுவது கையெழுத்து மட்டும்தான், ஏனென்றால் அதைப் போடும் பிரைவேட் கீ உங்களைத் தவிர யாரிடமும் இல்லை. அதனால் முதலில் கையெழுத்து, அப்புறம்தான் டிக்ரிப்ட்.

சரி, ஏன் பொருந்தவில்லை? டிக்ரிப்ட் செய்து, ஜேசனை டிக்‌ஷனரியாக்கி, அதை மறுபடி ஜேசனாக எழுதிச் சரிபார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கையெழுத்து அர்த்தத்துக்குப் போடப்படுவதில்லை, பைட்டுகளுக்குப் போடப்படுவது. பைத்தானில் ஜேசனை எழுதித் தரும் ஜேசன் டம்ப்ஸ் தானாகவே காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விடும், பெயரில் தமிழ் எழுத்து இருந்தால் யூனிகோட் எண்ணாக மாற்றிவிடும். ஒரு பைட் மாறினாலும் போச்சு. சர்வர் எதன்மேல் கையெழுத்துப் போட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் என்க்ரிப்ட் ஆன பேஸ்64 சரமாகவே (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக எழுதியது) இருக்கும், சில அமைப்புகளில் முன்னால் ஒரு சிறு சொல்லும் சேர்ந்திருக்கும். ஃபைலில் வந்த அந்தச் சரத்தை அப்படியே, கடைசியில் ஒட்டிக்கொண்ட புதுவரியை மட்டும் நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகத்தில் வெரிஃபை சரியானால் 'நன்' (None, வெற்று மதிப்பு) திரும்பும், தவறானால் எக்ஸெப்ஷன் எழும்பும். அதை இஃப் உள்ளே வைத்தால் 'நன்' பொய் என்று கணக்காகி நல்ல லைசென்ஸும் தள்ளுபடியாகும், ட்ரை–எக்ஸெப்ட்தான் சரி. கையெழுத்தைச் சரிபார்க்கும் பப்ளிக் கீ 32 பைட். ஹெக்ஸாக 64 எழுத்து வைத்திருந்தால் முதலில் பைட்டாக மாற்றுங்கள். டிக்ரிப்ட் செய்யும்போது 16 பைட் டேக்கை சைஃபர்டெக்ஸ்டின் (என்க்ரிப்ட் ஆன தரவு) வாலில் ஒட்டித் தர வேண்டும்.

எந்த அல்காரிதம் என்று ஃபைல் சொல்வதை நம்பாமல் நிரலிலேயே எழுதிவிடுங்கள். காலாவதியைப் பார்க்கும்போது வழங்கிய தேதியையும் பாருங்கள்: அது கணினிக் கடிகாரம் காட்டும் தேதியைவிட நாள்கணக்கில் பிந்தியதாக இருந்தால் யாரோ கடிகாரத்தைப் பின்னால் தள்ளியிருக்க வாய்ப்பு அதிகம், அனுமதிக்காதீர்கள்.